பதினான்காம் எண் ஒட்டிய பெட்டி

சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு கடைவாய்ப்பற்கள் மேல் ஆணை, அதைவிடப் பெரிய சொத்து என்னிடம் இல்லை... ஹோல்கர் பிஸ்கார் என்கிற எண்பத்தாறு வயதுக்காரர் ஒரு நவம்பர் வியாழக்கிழமை காலை, ஓடென்ஸ நகரத்து ஏலக்கூடத்தில், மதிப்பீட்டு அறைக்கு வெளியே, மடியில் ஒரு பொம்மைப் பெட்டியும் கையில் நாற்பத்திரண்டாம் எண் வரிசைச் சீட்டுமாக உட்கார்ந்து என்னென்ன நினைத்தாரோ அதைத்தான் சொல்லப்போகிறேன், அவர் மனத்துக்குள் நீ எப்படி நுழைந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கதவு சாத்தியிருக்கவில்லை.

சுவரில் சிவப்பு எண் முப்பத்தெட்டிலேயே நின்றது, இன்னும் மூன்று பேர், மூன்று பேர் மடியிலும் நீலத் தட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாகக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிச் சுவரில் மாட்டியவை, நாடு முழுக்க எல்லார் வீட்டுச் சுவரிலும் அதே தட்டு, எல்லாருக்கும் தன் வீட்டில் இருப்பது மட்டும் புதையல் என்ற நினைப்பு, உள்ளே போகும்போது கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போகிறார்கள், வெளியே வரும்போது அந்தக் குழந்தை வளர்ந்து பரீட்சையில் தோற்றுவிட்ட முகம்... எப்படி ஆரம்பிப்பது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வணக்கம், என் பெயர் ஹோல்கர், இந்தப் பெட்டி ஒரு தடவை திறக்கப்பட்டது, ஒரே ஒரு மத்தியானம்... இல்லை, வணக்கம் சொன்ன வாயோடு அதையா சொல்வது, முதலில் விலை சொல்லட்டும், விலை தெரிந்த பிறகு சொன்னால்தானே உண்மை எவ்வளவுக்குப் போகிறது என்று தெரியும்... பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள், அவளும் எழுபதைத் தாண்டியவள்தான், இங்கலீஸ என்று முதலிலேயே பெயர் சொல்லிக் கை குலுக்கியிருந்தாள், தட்டுகளின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"உள்ள என்னப்பா?"

"ராட்டினம். தகரம். ஆறு அன்னம் சுத்தும்."

"ஓடுமா?"

"கடைசியா சாவி குடுத்தப்ப பதினோரு நிமிஷம் ஓடுச்சு. பூனை தாவி ஏறிக்கிச்சு. அஞ்சாவது சுத்துல தலைசுத்தி இறங்கி, அப்புறம் மூணு நாள் இடது பக்கமாவே நடந்துச்சு. சமையலறைக்குப் போகணும்னா வீட்டை ஒரு சுத்து சுத்தித்தான் போகும்."

"அடப் பொய்யே!" தட்டுகள் கலகலத்தன.

"பூனையைக் கேட்டுப் பாரு."

"எங்க இருக்கு?"

"செத்து அம்பது வருஷமாச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், ஹோல்கர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் சொல்வதுதான் அவர் வழக்கம், ஆனால் பதினோரு நிமிஷம் என்று ஏன் சொன்னோம், முன்பெல்லாம் நாலு நிமிஷம்தான், தொழிற்சாலைக் காகிதத்திலேயே நாலு நிமிஷம் என்றுதான் அச்சடித்திருந்தது, எழுபதுகளில் சொல்லும்போது அது ஏழானது, குட்ரூன் போனபிறகு பதினொன்று... குட்ரூன் இருந்தவரை ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை, கட்டின மனைவி குறுக்கே பேசாமலிருப்பது நல்லதற்கா கெட்டதற்கா, விருந்தாளிகள் நடுவில் அவர் ராட்டினக் கதையை எடுத்ததும் எழுந்து சமையலறைக்குப் போவாள், அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், கழுவுவதற்குப் பாத்திரமே இல்லாத நாளிலும் கேட்கும்... அவள் அந்த மத்தியானம் வீட்டில் இல்லை, சலவைக்கூடத்தில் வேலையிலிருந்தாள், பார்க்காதவளுக்கு என்ன தெரியும், பார்த்தது இரண்டே பேர், இரண்டு பேரில் ஒருத்தி மண்ணுக்குள்.

மண்ணுக்குள் என்றால் ஸ்வென்போர்க் மேட்டுக் கல்லறையில், மூன்றாம் வரிசையில், புதர்வேலிக்குப் பக்கத்தில், இங்கே செத்தவர்களும் வாடகைக்குத்தான் இருக்க வேண்டும், இத்தனை வருஷம் என்று கட்டியிருந்தால் அத்தனை வருஷம், மகள் டோர்த்தேவுக்கு முதலில் இருபத்தைந்து, தொண்ணூற்று நாலில் இன்னும் முப்பது, அதற்குள் நாமே போய்விடுவோம், நமக்கு எதற்கு அந்தக் கவலை என்று குட்ரூன் கையெழுத்துப் போட்டாள், அவள் சொன்னபடி போய்விட்டாள், தனக்குக் கல்லே வேண்டாம் என்று எழுதிவைத்துப் பெயரில்லாதவர்களின் புல்வெளியில் சாம்பலாகக் கலந்துவிட்டாள், இவர்தான் போகவில்லை, இது ஒரு பிசகு, மனிதன் கணக்குக்கு மேல் இருந்துவிடுவது... அக்டோபர் முதல் ஞாயிறு பூச்செடியோடு போனபோது கல்லுக்கு முன்னால் ஒரு குச்சி நட்டு அதில் மஞ்சள் சீட்டு, மழைபடாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, இந்த இடத்துக்கு உரியவர்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும், உரியவர் நான்தான், உயிரோடு நிற்கிறேன், குச்சியிடம் வாய்விட்டுச் சொன்னார். டிசம்பர் முடிவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்துத் தேவாலயத்துக்குப் பின்னால் வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள், அப்புறம் ஒரு நாள் இயந்திரம் வரும், நொறுக்கிச் சரளையாக்கிப் பாதைக்குப் போடுவார்கள், ஆகவே நீங்கள் நடக்கும் பாதையில் யார் பெயரின் எந்த எழுத்தை மிதிக்கிறீர்கள் என்று... இருபது வருஷத்துக்கு முப்பத்தோராயிரம் குரோனர், கல்லறை அலுவலகத்துப் பையன் மிக மரியாதையாகச் சொன்னான், கூடவே பூ நடுவது வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டான். தம்பி மகள் யொன்னா காரில் கூட்டிவரும்போது இன்றைக்கும் சொன்னாள், பெரியப்பா, அம்பத்தஞ்சு வருஷமாச்சு, கல்லு இல்லேன்னா மறந்துருவீங்களா? மறக்க மாட்டேன்தான், ஆனால் நான் போனபிறகு மறக்காமலிருக்க வேறு யாரை வைத்திருக்கிறேன், ஏழு வயது முடியாத ஒரு பெண் உலகத்தில் விட்டுப்போனது என்ன, ஒரு கல், கல்லில் ஒரு பெயர், அப்புறம் ஒரு மத்தியானம்.

முப்பத்தொன்பது. அடுத்த தட்டுக்காரர் எழுந்து போனார்.

பெட்டியின் மூடியில் விரல் போயிற்று, மூடியையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டிய தாள்பட்டை, அதன் நடுவில் ஊதா மையில் வட்டமுத்திரை, வட்டத்துக்குள் 14, பதினான்கு என்றால் ஹோல்கர், பொம்மைத் தொழிற்சாலையின் பெட்டி கட்டும் அறையில் இருபது பேர் இருந்தார்கள், இருபது மேசை, ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை, எந்தக் கடையிலிருந்து பழுதென்று பெட்டி திரும்பி வந்தாலும் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் ஒட்டுவதற்கு முன் பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும், உள்ளே எதுவும் ஆடவில்லையென்றால் மூடு, பட்டை, பசை, கட்டைவிரலால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு, முத்திரை, அடுத்தது, நாளொன்றுக்கு முந்நூறு, கை அதைத் தானாகச் செய்யும், ஒருமுறை இவர் மேசையிலேயே தூங்கிப்போய், கண்விழித்தபோது நாற்பது பெட்டி ஒட்டி முடிந்திருந்தது, அதில் ஒன்றில் மேற்பார்வையாளரின் தொப்பியும் இருந்தது, இதுவும் சத்தியம்... ஆட்டினால் ஆடக்கூடிய பொருள் சாவி ஒன்றுதான், ஆகவே அதைச் சுருள்வில் மேசைப் பெண்கள் பெட்டியின் அடியட்டையோடு சிவப்பு நூலால் கட்டி, முடிச்சின் மேல் ஒரு பயறளவு ஈயத்தை வைத்து இடுக்கியால் நசுக்கி முத்திரையிட்டு அனுப்புவார்கள், அறுத்தால் அறுத்ததுதான், திரும்பக் கட்ட அந்த இடுக்கி வேண்டும், இடுக்கியைத் தலைமைப் பெண் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவாள், புருஷனை நம்பினாலும் கட்டும் அறைக்காரர்களை நம்பமாட்டாள்.

அறுபத்தொன்பதில் தொழிற்சாலைக்கு இருபத்தைந்து வயதானபோது ஆளுக்கொரு ராட்டினம் கொடுத்தார்கள், அவரவர் ஒட்டியதை அவரவருக்கே, பிப்ரவரியில், டோர்த்தேவின் பிறந்தநாள் ஏப்ரல் ஒன்பது, அன்றைக்கு ஊர் வழக்கப்படி மேசையில் கொடி நட்டு, கேக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திறப்பது என்று முடிவு, அலமாரி மேல் ஏற்றி வைத்தார்கள், அவள் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம், அப்போதே மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தாள், ரத்தத்தில் வந்த நோய், ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே... மார்ச் இருபத்தேழு, வியாழக்கிழமை, ஆமாம் அன்றைக்கும் வியாழன்தான், மழை விட்டுச் சன்னலில் வெயில், அப்பா, அன்னம் எல்லாம் ஒரே பக்கம்தான் பார்க்குமா, அட்டைப்படத்துல அப்படித்தான் இருக்கு, இல்ல, உள்ள எப்படி இருக்கு... சரி, பட்டையை நீராவி காட்டிப் பிரித்தார், கெட்டிலின் மூக்கில், கிழியாமல், பதினான்காம் எண்ணுக்கு அது பெரிய வித்தையா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், அறுந்த நூலை அவள் விரலில் மோதிரமாகக் கட்டிக்கொண்டாள், சாவி கொடுத்தாள், அவளேதான் கொடுத்தாள், இரண்டு கையாலும், உதட்டைக் கடித்துக்கொண்டு, அன்னங்கள் கிளம்பின, வெயில் தகரத்தில் பட்டுக் கூரையெல்லாம் ஆறு வெளிச்சம் ஓடியது, அவள் தலையணையில் சாய்ந்து கூரையையே பார்த்தாள், ராட்டினத்தைப் பார்க்கவில்லை, கூரையை... அப்புறம் தூங்கிப்போனாள், கொஞ்ச நேரம்தான், அந்தக் கொஞ்ச நேரத்தில் இவர் கை இருக்கிறதே, இந்தக் கை, பெட்டிக்குள் வைத்தது, மூடியது, பட்டை, பசை, கட்டைவிரல் இழுப்பு, நினைக்கவே இல்லை, நாளுக்கு முந்நூறு பெட்டி மூடிய கைக்கு நினைப்பு எதற்கு, அவள் கண்ணைத் திறந்து கேட்டாள், ஏன்ப்பா மூடிட்டே, நாளைக்குத் திறக்கலாம் கண்ணு. மறுநாள் விடியும் முன்னமே ஆம்புலன்ஸ். ஏப்ரல் இரண்டு. கொடி, கேக், ஒன்றும் இல்லை.

நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு யாரு, என்று குரல் வந்தபோது இங்கலீஸ ஏற்கெனவே உள்ளே போய்த் திரும்பி, பரீட்சையில் தோற்ற தட்டுகளோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே மதிப்பிடுகிறவள் முப்பத்திரண்டு தட்டுக்கும் சேர்த்து விலை சொன்னாளாம், பேருந்துக் காசு கூடத் தேறாது, போ, உன் பூனையாவது ஜெயிக்கட்டும், என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

மதிப்பிடுகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், ஆஸ்தா என்று சட்டையில் குத்தியிருந்தாள், பெட்டியைக் கண்டதும் அவள் வாய் பாதியில் நின்றது, தட்டு, தட்டு, தட்டு என்று காலையிலிருந்து பார்த்த கண், கையுறை மாட்டிக்கொண்டாள், ஊதா விளக்கைப் பட்டையின் மேல் பிடித்தாள், திரும்ப ஒட்டியிருந்தால் புதுப்பசை வேறு நிறத்தில் மின்னும், இங்கே மின்னவில்லை, ஒரே பசை, ஒரே தடவை, என்று முணுமுணுத்தாள், ஹோல்கருக்குக் காது சூடாயிற்று, பாரேன், ஐம்பத்தைந்து வருஷம் கழித்து விளக்குக்கே தெரியவில்லை, தொழிற்சாலைப் பசையேதான், டப்பாவில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், அதே கை... பெருமைப்படுகிற நேரமா இது? பிறகு அவள் பெட்டியைக் காதோரம் வைத்து மெல்ல ஒரு ஆட்டு ஆட்டினாள், அதே ஆட்டு, யார் கற்றுக்கொடுத்தது இவளுக்கு.

"சாவி ஆடற சத்தமே இல்ல. கட்டினபடியே இருக்கு, ஹோல்கர்."

சாவி ஆடவில்லையா, ஆட வேண்டுமே, நூலைத்தான் அறுத்தாயிற்றே, இல்லை, எதிலோ சுற்றி வைத்தேன், பஞ்சில், பஞ்சா, அவளுடைய காலுறையில், ஆமாம், காலுறையில்தான் சுற்றியிருப்பேன்...

"உள்ள பாக்க வேண்டாமா?" என்றார்.

"பாத்தா போச்சு! பாக்காத வரைக்கும்தான் இதுக்கு விலை. இதுவரைக்கும் வந்ததெல்லாம் பசங்க ஆடித் தீத்தது, ஒரு அன்னத்துக்குக் கழுத்து இருக்காது, ஒண்ணுக்குச் சாவி இருக்காது. அதுக்கெல்லாம் மூவாயிரம் கிடைச்சா பெரிசு. இது..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாப்பதாயிரத்துக்குக் கீழ போகாது. எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்க, ஒரு குழந்தையும் கை வைக்கல."

அதிர்ஷ்டம். ஹோல்கர் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அது மேசை மேல், விளக்குக்கும் கையுறைக்கும் நடுவில் கிடந்தது, அவள் ஒரு தாளை அதன் மேல் நகர்த்தினாள், இங்கே ஒரு கையெழுத்து, இந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்முதல் ஒருமுறையும் திறக்கப்படவில்லை என்று உரிமையாளராகிய நான் உறுதியளிக்கிறேன்... நாற்பதாயிரம் என்றால் அவர்கள் பங்கு போக இருபது வருஷம், மூவாயிரம் என்றால் ஒன்றுமேயில்லை, அதாவது அவள் விளையாடவில்லை என்று எழுதிக்கொடுத்தால் அவள் பெயர் இருக்கும், விளையாடினாள் என்றால் பெயர் சரளை... இப்படியொரு கணக்கை யார் போட்டது, கல்லில் பெயர் இருந்து, அந்தப் பெயருக்கு ஒரு மத்தியானம் கூட இல்லாவிட்டால் அது யாருடைய கல்... சொல்லிவிடு, சொல், வாயைத் திறந்தார், வந்தது பழக்கப்பட்ட குரல்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. டோர்த்தேன்னு பேரு. அவ ஒரு நாள் மத்தியானம் இதுக்குச் சாவி குடுத்தா. பதினோரு நிமிஷம். கூரை பூரா ஆறு வெளிச்சம். துறைமுகத்துல நின்ன கப்பலெல்லாம் கலங்கரை விளக்கம் இடம் மாறிடுச்சுன்னு ஊதுச்சு. ரெண்டு படகு எங்க தோட்டத்துக்கே வந்துருச்சு."

ஆஸ்தா முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பைப் பாதியில் மடித்துவைத்தாள், பேனாவைக் கீழே வைத்தாள், அந்தச் சின்னச் சத்தம்.

"ஹோல்கர். நான் கேக்கணும். கதையா, நெசமா? இதைத் திறந்தீங்களா?"

படகை ஏன் சேர்த்தோம், படகு இல்லாமல் சொல்லியிருக்கக் கூடாதா, ஒரே ஒரு தடவை, படகு இல்லாமல், பூனை இல்லாமல், நாலு நிமிஷம் என்று... அவள் காத்திருந்தாள், நல்ல பெண், முகத்தில் அவசரம் இல்லை, கூரையில் குழல்விளக்கு, வெளியே நாற்பத்து மூன்றாம் எண் இருமியது, குச்சியில் மஞ்சள் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் இந்நேரம், டோர்த்தே, கண்ணு, நீ என்ன சொல்கிறாய்... டோர்த்தே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைம்மா," என்றார் ஹோல்கர். "வயசாச்சுல்ல. வாயி சும்மா இருக்காது."

"அப்பாடா! பயமுறுத்திட்டீங்க."

கையெழுத்துப் போட்டார், ஹோல்கர் பிஸ்கார், வாழ்நாளெல்லாம் எத்தனையோ அளந்திருக்கிறார், பூனை, படகு, மேற்பார்வையாளரின் தொப்பி, ஒன்றுக்கும் கூசியதில்லை, முதல்முறையாக ஒரு பொய்க்குத் தன் பெயரைக் கீழே எழுதியிருக்கிறார், அதுவும் தன் பெண்ணுக்கு எதிராக... ஆஸ்தா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தாள், மேல் தட்டில், கட்டிலில் படுத்திருந்தால் தெரியும் உயரத்தில், ரசீது கொடுத்தாள், வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவில் யொன்னா காரின் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள், என்ன பெரியப்பா, தேறுச்சா, தேறுச்சு, இருபது வருஷத்துக்குத் தேறுச்சு, பின்ன ஏன் மூஞ்சி இப்படி, குளிரு, பெல்ட்டைப் போடுங்க... கார் ஆற்றுப்பாலத்தைக் கடந்தது, தண்ணீரில் நிஜ அன்னங்கள் இரண்டு, ஒன்று ஒரு பக்கம் பார்த்தது, ஒன்று இன்னொரு பக்கம், ராட்டினத்தில் எப்படி, எந்தப் பக்கம் பார்த்தன, வலமாகச் சுற்றியதா இடமாகவா, பூனை இடது பக்கம் நடந்தது என்றால் ராட்டினம்... பூனையை விடு, பூனை நான் சேர்த்தது, சத்தம் எப்படி இருந்தது, தகரப் பொம்மை ஓடினால் சத்தம் வராமலிருக்குமா, கிர்ரென்றா, டிக் டிக்கென்றா, நாளுக்கு முந்நூறு ஒட்டியவருக்கு அது ஓடும் சத்தம் தெரியாது, கட்டும் அறையில் எதையும் ஓட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் அந்த மத்தியானம் கேட்டிருக்குமே, நாலு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பேனே... கண்ணை மூடிப் பார்த்தார், வெயில் இருந்தது, நூல் மோதிரம் இருந்தது, கூரையில் ஆறு வெளிச்சமும் ஓடியது, சத்தமில்லாமல் ஓடியது, அந்த மத்தியானம் முழுக்கத் தேடியும் அதில் கேட்ட ஒலி ஒன்றே ஒன்றுதான், அவருடைய குரல், நாளைக்குத் திறக்கலாம் கண்ணு.

பிப்ரவரி ஏலத்தில் பெட்டியை எடுத்த ஓல்போர்க் பல்மருத்துவர் அன்று மாலையே தன் பேத்திக்காக அதைத் திறந்தார்; சாவி அடியட்டையில் சிவப்பு நூலால் கட்டியபடி இருந்தது, ஈயமுத்திரை உடையவில்லை.